இருவர் ஆடும் ஆட்டங்களும் இளஞ்சிறார் கல்வியும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



25 ஆண்டுகளாகக் கல்விப் பணியாற்றிவரும் ஒரு சங்கத்தின் விழா மேடையில் விளையாட்டைப் பற்றிப் பேசுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். நம் மாலைநேரப் படிப்பகங்களுக்கு ஆட்டப் பலகைகள் வாங்கலாமா என்னும் பேச்சு உறுப்பினர்களிடையே எழுந்துள்ளது. வாங்குவதாயின் எவற்றை வாங்குவது? சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு எது ஏற்றது? வீட்டில் அண்ணனும் தங்கையும் அல்லது பாட்டியும் பேரனும் ஆக இருவரே இருக்கும் வேளையில் எதை ஆடலாம்? இவற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

விளையாட்டு படிப்பிற்குப் பகை என்னும் எண்ணம் நம் பெற்றோரிடையே வேரூன்றி நிற்கின்றது. கூலி வேலை செய்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைப்பவர்கள், அப்பிள்ளை ஒரு மணிப்பொழுதை வீணாக்கினாலும் வருந்துவர். அவர்களைக் குறை கூற நாம் வரவில்லை. எனினும் ஒன்றை நினைவூட்ட விரும்புகின்றோம். அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1924ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது. பம்பாயில் இலவசப் படிப்பகம் நடத்தியது. இளைஞர்களுக்காக ஹாக்கிக் குழு ஒன்றையும் அமைத்தது. விடுதி, படிப்பகம், விளையாட்டு ஆகிய மூன்றும் ஒரே சபையின் பணிகளாக இருந்தன. நாம் செல்ல நினைக்கும் வழி புதிய வழியன்று.

பலகை ஆட்டத்தை நாம் ஏன் தனியே எடுத்துப் பேசுகின்றோம்? அதற்குக் காரணம் உண்டு. சதாராவில் பள்ளி மாணவராக இருந்தபோது அண்ணல் அவர்கள் வகுப்பறையின் மூலையில், தாமே வீட்டிலிருந்து கொண்டு சென்ற கோணித் துணியின்மேல் தனியே அமர்த்தப்பட்டார். பள்ளியைத் துப்புரவு செய்யும் பணியாள் அத்துணியைத் தொடமாட்டான். ஆதலின் அதை மாலையில் சுருட்டி வீட்டிற்கு எடுத்துச் சென்று, மறுநாள் மீண்டும் கொண்டுவர வேண்டும். ஆடுகளத்திலும் இக்கொடுமை நிகழ்ந்தது. பல்வங்கர் பாலூ என்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த வீரர், 1911ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 100க்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர். அவர் வீசிய பந்தைப் பிற சாதியார் கையால் பிடித்தனர். தேநீர் வேளையிலோ, பூனாவில் அவருக்கு அரங்கிற்கு வெளியே தனிக் குவளையில் தேநீர் தந்தனர்.

பலகை ஆட்டத்தில் இவ்விலக்கம் நடவாது. ஒரு பலகைக்கு இருபுறமும் இருவர் முழந்தாளுக்கு முழந்தாள் அமர்ந்தாக வேண்டும். பல்லாங்குழியில் ஒருவர் கையிலிருந்து விழுந்த முத்தையே அடுத்த நொடியில் மற்றவர் அள்ளுகின்றார். தொடாமல் ஆட இயலாத ஆட்டம் அது. இருவர்க்கும் விதி ஒன்றே. முறை மாறி மாறி வரும். சமத்துவம் என்னும் சொல்லின் பொருளை ஆறு வயதுப் பிள்ளைக்குக் காட்ட இதனினும் எளிய வழி இல்லை.

இனி, ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்க மூன்று வினாக்களை முன்வைக்கின்றோம். முதலாவது, இவ்வாட்டத்தில் பிள்ளையின் சொந்த முடிவிற்கு எவ்வளவு இடம் உண்டு? இரண்டாவது, பின்தங்கியவர் மீண்டெழ வழி உண்டா? பிள்ளையின் பொறுமை தீர்வதற்குள் ஆட்டம் முடியுமா? மூன்றாவது, அதற்கு ஆகும் செலவு என்ன? ஒரு காய் தொலைந்தால் மாற்றுக்காய் கிடைக்குமா?

நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை முதலில் எடுத்துக்கொள்வோம். இவ்வயதில் பிள்ளை கற்க வேண்டியவை இரண்டு: தன் முறைக்குக் காத்திருத்தல், எண்ணுதல். அமெரிக்காவில் இராபர்ட் சீக்லர், கீதா ரமணி ஆகிய இரு அறிஞர்கள் 2008ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏழைக் குடும்பத்துச் சிறார்க்கு, 1 முதல் 10 வரை எண்கள் வரிசையாக எழுதிய ஒரு நேர்க்கோட்டுப் பலகையைக் கொடுத்து, இரண்டு வாரங்களில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேர அளவில் ஆடச் செய்தனர். அச்சிறாரின் எண்ணறிவு தெளிவாக உயர்ந்தது. எண் இன்றி நிறம் மட்டும் தீட்டிய பலகையில் ஆடியவர்களிடம் அவ்வுயர்வு காணப்படவில்லை.

நம் படிப்பகங்களுக்கு இதில் நல்ல பாடம் உண்டு. பழைய அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்துப் பத்துக் கட்டங்கள் வரைந்தால் பலகை ஆயத்தம். பொத்தான்கள் காய்களாகும். 1, 2 என்று மட்டும் எழுதிய ஒரு கட்டையை உருட்டினால் போதும். காய் 5இல் நிற்க, 2 விழுந்தால், பிள்ளை ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணாமல், கட்டத்திலுள்ள எண்ணையே ‘ஆறு, ஏழு’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நகர்த்த வேண்டும். பயன் விளைவது இம்முறையில்தான். ஓர் எச்சரிக்கையும் கூறுவோம்: புளியங்கொட்டை, சோழி, சிறு பொத்தான் ஆகியவற்றை மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகள் கைக்கெட்டும் இடத்தில் வைத்தல் ஆகாது. அவை தொண்டையில் சிக்கினால் உயிருக்கே தீங்காகும்.

அடுத்து, பரமபதமும் தாயமும். பரமபதப் படத்தில் நல்வினைக்கு ஏணியும் தீவினைக்குப் பாம்பும் வரையப்பட்டுள்ளன. இவ்வாட்டமே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்று, இன்று கடைகளில் விற்கும் பாம்பும் ஏணியுமாகத் திரும்பி வந்தது. சிறு பிள்ளையும் பெரியவரும் சமமாக ஆடலாம் என்பது இதன் சிறப்பு. பாட்டி வெல்வாரா, பேத்தி வெல்வாளா என்று யாரும் கூற இயலாது. ஆனால் இதில் பிள்ளை செய்யும் முடிவு ஒன்றுகூட இல்லை. உருட்டுவதும் நகர்த்துவதுமே வேலை. ஏன் ஏறினாய் என்றால் விடை இல்லை. ஏன் வீழ்ந்தாய் என்றாலும் விடை இல்லை. ‘உன் நிலை முன்வினையால் வந்தது’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி அடக்கப்பட்ட மக்கள் நாம். பிள்ளை வளர்ந்த பின்னும் இவ்வாட்டத்திலேயே அவனை நிறுத்தி வைத்தல் நமக்கு ஏற்றதன்று. எண்ணக் கற்றதும் அவனை அடுத்த படிக்கு அழைத்துச் செல்லல் வேண்டும்.

தாயம் அப்படிகளுள் ஒன்று. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்றாலும், இறங்கிய காய்களுள் எதை நகர்த்துவது, எதிரியின் எந்தக் காயை வெட்டுவது, எதை மலையில் ஏற்றிக் காப்பது என்னும் முடிவுகள் ஆடுபவருடையவை. வாய்ப்பும் அறிவும் கலந்த ஆட்டம் அது. ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பொருந்தும்.

அதே வயதில் பல்லாங்குழியும் தொடங்கலாம். ஆளுக்கு ஏழாக 14 குழிகள். குழிக்கு ஐந்தாக இட்டால் 70 முத்துகள். இதில் உருட்டுவதற்கு ஒன்றுமில்லை. எந்தக் குழியிலிருந்து அள்ளினால் கடைசி முத்து எங்கே விழும் என்று மனத்திலேயே எண்ணிப் பார்ப்பவர் வெல்வார். ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்வதால், மூன்று முத்துள்ள குழிகளின்மேல் எப்போதும் கண் இருக்க வேண்டும். வாய்ப்பாட்டை வெறுக்கும் பிள்ளையும் இங்கே மனக்கணக்குப் போடுவான். ஒரு சுற்றில் தோற்றவர் தம்மிடம் எஞ்சிய முத்துகளால் நிரப்ப முடிந்த குழிகளை மட்டும் நிரப்பிக்கொண்டு அடுத்த சுற்றை ஆடுவார். குறைந்த குழிகளோடு தொடங்கி நிறைந்த குழிகளுக்கு மீண்டு வருதல் இதில் இயலும். மரப்பலகை வாங்க வேண்டியதில்லை. மண்ணில் குழி தோண்டினாலும் ஆட்டம் குறைவதில்லை.

ஒன்பது வயதிற்கு மேல் ஆடு புலி ஆட்டம். பதினைந்தாம் புலி என்றும் இதைக் கூறுவர். 23 சந்திப்புகள், 3 புலிகள், 15 ஆடுகள். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். அனைத்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. அடுத்து நிற்கும் ஆட்டைத் தாண்டிப் புலி அப்பால் உள்ள வெற்றிடத்தில் இறங்கினால் அந்த ஆடு வெட்டுப்பட்டது. புலிகள் நகர வழியின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி. தனியே நிற்கும் ஆடு மாளும். பின்னால் மற்றோர் ஆடு நின்றால், அதைப் புலியால் தாண்ட இயலாது! ஒன்றுபடுதல் என்பதை மேடையில் நின்று நாம் ஒரு மணி நேரம் விளக்குவதைக் காட்டிலும் இவ்வாட்டம் நன்றாக விளக்கும். எத்தனை ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆதலின் தொடங்கும் முன்பே இருவரும் பேசி முடிவு செய்தல் வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திற்கும் பக்கம் மாறி ஆடுதலும் வேண்டும்.

இவ்வாட்டங்களின் கட்டங்கள் நம் நாட்டுக் கோயில் மண்டபங்களின் கல் தரைகளில் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். சென்னை மாகாணத்தில் எல்லா இந்துக்களுக்கும் கோயில் நுழைவு உரிமை அளித்த சட்டம் 1947ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு முன் அம்மண்டபங்களுள் பெரும்பாலானவை நம் முன்னோர்க்கு மூடிக் கிடந்தன. அவர்கள் சேரித் தெருவின் மண்ணில் கோடு கிழித்து அதே ஆட்டத்தை ஆடினர். கல்லில் இருந்தாலும் மண்ணில் இருந்தாலும் அறிவு ஒன்றே.

சதுரங்கத்தைப் பத்து வயதளவில் முறையாகக் கற்பிக்கலாம். விசுவநாதன் ஆனந்த் தம் ஆறாம் வயதில் தாயாரிடம் கற்றுத் தொடங்கி, 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024இல் குகேஷ் தம் 18ஆம் வயதில் உலக வாகையர் ஆனார். இவற்றைக் கேட்டு, எல்லாப் பிள்ளைகளையும் வாகையராக்க முனைய வேண்டா. அதற்குப் பெருஞ்செலவு ஆகும். சிந்திக்கப் பழக்குவதே நம் நோக்கம். முதல் நாளே எல்லாக் காய்களையும் அடுக்கிப் பிள்ளையை மிரட்டுதல் கூடாது. ஆளுக்கு எட்டுச் சிப்பாய்களை மட்டும் வைத்து, எதிர் முனையை முதலில் அடைபவர் வென்றவர் என்று ஆடச் செய்யுங்கள். சில நாள்களில் மற்றக் காய்களைச் சேர்க்கலாம். கடைசி வரிசையை எட்டிய சிப்பாய் அரசியாக உயரும் விதியை நம் பிள்ளைகள் மறவாமல் நினைவில் கொள்வர்.

கேரம் பலகை விலை கூடியது. எனினும் இருவரும் ஆடலாம், நால்வரும் ஆடலாம் என்பதால் படிப்பகத்திற்கு ஒன்று தகும். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையர் ஆனவர். சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். பல்லாங்குழி பெண்களுக்கு, கேரமும் சதுரங்கமும் ஆண்களுக்கு என்று பிரித்து வைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். படிப்பகத்தின் ஒவ்வொரு பலகையும் பெண்பிள்ளைக்கும் உரியது.

பணம் வைத்து ஆடுதல் அறவே கூடாது. ஒரு ரூபாயில் தொடங்கும் சூது குடும்பத்தையே விழுங்கும். கைப்பேசி வழியே பணம் கட்டி ஆடும் ஆட்டங்களால் உயிர்கள் மாண்ட பின்னரே, 2022இல் தமிழ்நாடு அரசும் 2025இல் நடுவண் அரசும் தடைச் சட்டங்கள் இயற்றின. சட்டம் தடுக்கும் முன் நாம் தடுத்தல் வேண்டும்.

இறுதியாக, தோல்வியைப் பற்றி ஒரு சொல். பிள்ளையை மகிழ்விக்க வேண்டுமென்றே தோற்றுக் காட்டாதீர்கள். பிள்ளை அதை அறிந்துகொள்வான். வல்லவர் தம் அரசியையோ யானையையோ தொடக்கத்திலேயே எடுத்து வைத்துவிட்டு, பின் முழு மூச்சுடன் ஆடுவதே நேர்மை. ஆட்டம் முடிந்ததும் எழுந்து ஓடாமல், ‘எந்த இடத்தில் தவறியது?’ என்று இருவரும் காய்களைத் திரும்ப வைத்துப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் நீண்ட காலம் பணியாற்றி வரும் நாம் கண்ட உண்மை இது: நம் பிள்ளைகளுள் பலர் தேர்வில் தவறினால், ‘எனக்குப் படிப்பு வராது’ என்கின்றனர். எந்தப் பாடத்தில், எந்த வினாவில் தவறினோம் என்று கேட்பதில்லை. தோல்விக்குக் காரணம் பிறப்பன்று, விதியன்று. ஏழாவது நகர்த்தலில் செய்த ஒரு பிழை, அதை நாளை திருத்தலாம் என்று பலகையின் முன் கற்ற பிள்ளை, விடைத்தாளின் முன்னும் அவ்வாறே கேட்பான்.

ஆதலின் நம் வேண்டுகோள் இது. ஒவ்வொரு படிப்பகத்திலும் இரண்டு சதுரங்கப் பலகையும் ஒரு கேரம் பலகையும் வாங்குவோம். பல்லாங்குழியும் ஆடு புலியும் தாயமும் நாமே செய்துகொள்வோம். நாள்தோறும் படிப்பு முடிந்தபின் அரை மணி நேரம் ஒதுக்குவோம். படித்த இளைஞர் ஒருவர் அருகிருந்து விதிகளைக் கற்பிப்பாராக. அடுத்த தெருப் பிள்ளை வந்தாலும் எதிர்ப்பக்கத்தில் இடம் கொடுப்பாராக.