போர் புகுந்த வீட்டுப் பிள்ளைகள்



ஆயுதம் ஏந்தி ஒருவர் வீட்டை விட்டுப் புறப்படும்போது அவர் மட்டுமே போருக்குப் போகிறார் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவருடைய வீடு முழுவதுமே உடன் போகிறது. மனைவியின் உறக்கம் போகிறது. தாயின் நிம்மதி போகிறது. பிள்ளையின் படிப்பிலும் ஒரு பகுதி போகிறது. பெரியவர்கள் தாமே விரும்பியோ, பிறரால் தள்ளப்பட்டோ அவ்வழியிற் செல்கின்றனர். பிள்ளையை மட்டும் யாரும் கேட்பதில்லை. கேளாமலே அதன் தலையில் ஏற்றப்பட்ட சுமையை இறக்கி வைக்கும் கடமை சமுதாயத்துக்கு உண்டு. அக்கடமையை எவ்வாறு நிறைவேற்றலாம் என்பதைப் பற்றிச் சில எண்ணங்களை இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

இந்தக் கடமையைப் பற்றிய பழைய வரலாறு ஒன்று தமிழ் நிலத்தோடு தொடர்புடையது. சென்னை எழும்பூரில், ஐரோப்பியப் போர்வீரர்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்து ஆதரவற்றுப் போன ஆண் பிள்ளைகளுக்கென ஓர் இல்லம் இருந்தது. 1789ஆம் ஆண்டில் அதன் மேற்பார்வையை ஏற்றவர் அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார். இப்பிள்ளைகள் திருந்தமாட்டார்கள் என்பதே அந்நாளிற் பலருடைய எண்ணம். பெல் ஒருநாள் நமது ஊர்ப் பள்ளி ஒன்றிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தமது இல்லத்திலும் அவ்வாறே செய்யும்படி உபாத்தியாயர்களிடம் சொன்னார். அவர்கள் உடன்படவில்லை. அவரோ தளரவில்லை, மாணவன் ஒருவனையே அழைத்து, மற்றச் சிறுவர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தார். காரியம் கைகூடியது. 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக அது 'மதராஸ் முறை' என்ற பெயருடன் பல நாடுகளுக்கும் பரவியது.

திண்ணைப் பள்ளியின் பெருமையைப் பேசுவதற்காக இதனை நான் எடுத்துச் சொல்லவில்லை. கெட்டுப்போனவர்கள் என்று ஒதுக்கப்பட்ட போர்வீரர் பிள்ளைகளுக்கு இரக்கத்தோடு பொறுப்பும் கொடுக்கப்பட்டது என்பதையே கவனிக்க வேண்டும். இரக்கம் பிள்ளையைக் கீழே நிறுத்திப் பார்க்கிறது. பொறுப்போ, 'உன்னால் முடியும்' என்று அதன் தோளில் கை வைக்கிறது.

இனி, படையினர் வீட்டுப் பிள்ளை இழப்பவை யாவை என்று பார்ப்போம். முதலாவது, நிலையான இடம். தகப்பனுக்கு ஊர் மாறுந்தோறும் பிள்ளைக்குப் பள்ளி மாறுகிறது, பாடம் மாறுகிறது, தோழரும் மாறுகின்றனர். இந்திய அரசாங்கம் இதனை உணர்ந்தே, படைப்பிரிவுகள் நடத்திவந்த 20 பாடசாலைகளை 1963இல் ஏற்று, எங்கு சென்றாலும் ஒரே பாடத்திட்டம் என்ற அடிப்படையில் மத்திய பாடசாலைகளைத் தொடங்கியது. இன்று கேந்திரிய வித்தியாலயங்கள் என வழங்குபவை அவையே. இரண்டாவது, பக்கத்தில் இருக்கவேண்டிய பெரியவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இலண்டனிற் குழந்தைகள் காப்பகங்களை நடத்திய அன்னா பிராய்ட், டொரத்தி பேர்லிங்ஹாம் என்ற இரு பெண்மணிகள் ஓர் உண்மையைக் கண்டனர். குண்டு விழும் ஓசையைக் காட்டிலும், தாயைப் பிரிந்திருப்பதே குழந்தையை மிகுதியாக வருத்துகிறது என்பது அது. மூன்றாவது, நாளை என்ன நடக்கும் என்ற உறுதி. வருவாரா, வரமாட்டாரா என்று தெரியாத வீட்டிற் புத்தகம் திறந்திருக்கும், மனம் திறவாது.

இம்மூன்று இழப்புகளும் ஒருங்கே வந்து சேர்ந்த இடங்களைத் தேடி நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. நமது வன்னிப் பெருநிலப்பரப்பில், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில், முள்ளியவளையை அடுத்துத் தண்ணீரூற்று என்ற ஊர் இருக்கிறது. பெயரே அதன் வளத்தைச் சொல்லும். ஊற்றங்கரைப் பிள்ளையாரை வணங்கி, வயலும் தோட்டமும் செய்து, தமிழரும் முஸ்லிம்களும் அயலவராக வாழ்ந்த ஊர் அது. 1990ஆம் ஆண்டில் அங்கிருந்த முஸ்லிம் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 2008ஆம் ஆண்டின் இறுதியிற் போர் நெருங்கியபோது எஞ்சியிருந்தோரும் ஊரை விட்டனர். புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஒதுங்கி ஒதுங்கிச் சென்று, 2009 மே மாதத்திற் போர் முடிந்தபின் செட்டிகுளத்து முகாம்களிற் பல மாதங்களைக் கழித்து, அதன் பின்னரே வன்னி மக்கள் படிப்படியாகத் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். படையினர் பிள்ளைக்கு நேர்வது இடமாற்றம். இவ்வூர்ப் பிள்ளைக்கு நேர்ந்தது இடப்பெயர்வு. முன்னதற்கு ஓர் உத்தரவுக் கடிதமாவது உண்டு. பின்னதற்கு அதுவும் இல்லை.

அப்படித் திரும்பிய வீடுகளுட் பல, ஒருவரையேனும் இழந்த வீடுகள். சில வீடுகளில் தகப்பன் போராளியாயிருந்து மாண்டார், சிலவற்றில் தாய். சில வீடுகளில் இருந்தவர் புனர்வாழ்வு முகாமுக்குச் சென்று மீண்டார். வேறு சிலவற்றில் என்ன ஆனார் என்றே தெரியவில்லை.

நமது நாட்டில் அரச படையினரின் குடும்பங்களுக்காக 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரணவிரு சேவா அதிகாரசபை அமைக்கப்பட்டது. படையினரின் பிள்ளைகளுக்கெனக் கொழும்பிலே பாதுகாப்புச் சேவைகள் கல்லூரியும் உண்டு. தகப்பனை இழந்த தென்னிலங்கைச் சிறுமிக்கு அவை உதவுமாயின் அது நன்றே; அவளுடைய கண்ணீரும் கண்ணீரே. ஆனால் வன்னியிலே, மறுபக்கத்தில் நின்று மாண்டவரின் மகளுக்கு அத்தகைய சபையும் இல்லை, கல்லூரியும் இல்லை. அவளுக்குள்ளது ஊர்ப் பாடசாலை ஒன்றே. ஆகவே, பிற இடங்களில் ஓர் அதிகாரசபை செய்யும் வேலையை இங்கே ஒரு வகுப்பாசிரியர் செய்யவேண்டியிருக்கிறது. தகப்பன் எந்தப் பக்கத்தில் நின்றார் என்பது வரலாற்றாசிரியர் ஆராயவேண்டிய கேள்வி. பிள்ளையின் இடாப்பில் அதற்கு இடமில்லை.

அவ்வாசிரியர் என்ன செய்யலாம்? பெரும்பொருள் வேண்டிய காரியங்கள் அல்ல இவை. புதிய மாணவரைச் சேர்க்கும்போது, தகப்பனின் பெயரையும் தொழிலையும் வகுப்பு முழுவதும் கேட்கும்படி விசாரியாமல், தாயையோ பேத்தியாரையோ தனியே அழைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். பின்வாங்கிலே தூங்கும் பையனை அடிக்குமுன், அவன் இரவில் உறங்கினானா, காலையில் உண்டானா என்று அறியலாம். தாய் கூலி வேலைக்குப் போக, தம்பி தங்கையரைப் பார்த்துவிட்டுப் பிந்தி வரும் மூத்த பெண்ணை வாசலில் நிறுத்தி வைக்காமல் உள்ளே விடலாம். 'பாவம், தகப்பனில்லாத பிள்ளை' என்று மற்றவர் முன்னிலையிற் சொல்லாதிருப்பதும் பெரிய உதவியே. நூல்நிலையச் சாவியை அவளிடம் கொடுங்கள். சிறிய வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழும்பூரிற் பலித்தது முள்ளியவளையிலும் பலிக்கும்.

காணாமற்போனோரின் பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இறந்தவருக்கு ஒரு திதி உண்டு. அழுது தீர்க்க ஒரு நாள் உண்டு. காணாமற்போனவருக்கு அதுவும் இல்லை. அந்த வீட்டில் நம்பிக்கையும் துயரமும் ஒரே பாயிற் படுத்து எழும்புகின்றன. 2016ஆம் ஆண்டில் நமது நாட்டில் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் நிறைவேறியது. இறப்புச் சான்றிதழ் பெற மனமில்லாத குடும்பத்தினர், ஒருவர் காணப்படவில்லை என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறவும் அதே ஆண்டில் வழி செய்யப்பட்டது. பத்திரம் சில காரியங்களுக்கு உதவும். பிள்ளையின் கேள்விக்கு விடையாகாது. அப்பிள்ளை 'அப்பா வருவாரா?' என்று கேட்டால், 'வருவார்' என்று பொய் சொல்லவும் வேண்டாம். 'மறந்துவிடு' என்று வாயை அடைக்கவும் வேண்டாம். 'எங்களுக்குத் தெரியாது, பிள்ளை. ஆனால் நாங்கள் உன்னோடு இருக்கிறோம்' என்பதே உண்மையான விடை.

இவ்வாறு செய்வதாற் பயன் விளையுமா என்று சிலர் ஐயுறலாம். போர் முடிந்தபோது, போராளிகளாயிருந்து புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டோருள் 594 பேர் சிறுவர் சிறுமியர் என்று அரசு கணக்கிட்டது. அவர்களுட் பலர் இரத்மலானை இந்துக் கல்லூரியில் மீண்டும் வகுப்பறைக்குட் புகுந்தனர். துப்பாக்கி பிடித்த கையும் எழுதுகோல் பிடிக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. மட்டக்களப்பிலோ, போர் நடந்துகொண்டிருந்த 1996இலேயே, வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்ற ஒன்றைத் தொடங்கி, தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒருங்கே அழைத்து விளையாடவும் சித்திரம் வரையவும் கதை புனையவும் விட்டனர். தமிழரும் முஸ்லிம்களும் அயலவராயிருந்த தண்ணீரூற்றுப் போன்ற ஊர்களுக்கு அது நல்ல முன்மாதிரி.

போர் முடிந்து ஆண்டுகள் பல ஆயிற்றே, இன்னும் இதனைப் பேச வேண்டுமா என்று கேட்கலாம். அன்று முகாமிலே புத்தகப் பையின்றி இருந்த மாணவர் இன்று தாய் தந்தையர். யாழ்ப்பாணத்து உளமருத்துவ நிபுணர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனியொருவரோடு நில்லாமல் குடும்பத்தையும் ஊரையும் பற்றுகிறது என்பதைத் தமது ஆய்வுகளிற் காட்டியிருக்கிறார். காரணமின்றிச் சினக்கும் தகப்பனும், சத்தம் கேட்டால் நடுங்கும் தாயும் போரைக் கண்டவர்கள். அவர்களது மடியில் வளரும் குழந்தையோ போரைக் காணாதது. காணாத போரின் கடனை அக்குழந்தை கட்டலாகாது. ஆகவே உதவி பிள்ளையோடு நில்லாமல் பெற்றோரையும் எட்டவேண்டும். ஆசிரியர் ஆண்டுக்கொரு முறையேனும் மாணவர் வீட்டுக்குச் சென்று வருவதும், கிராமத்துப் பெரியோர் மாலை வகுப்புக்கு ஒரு மண்டபத்தையும் விளக்கையும் அளிப்பதும், வெளிநாடுகளில் வாழும் உறவினர் கோயில் திருவிழாவுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கைப் பாடசாலை நூல்நிலையத்துக்கு ஒதுக்குவதும் இன்றே செய்யக்கூடியவை.

நேயர்களே, போரில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்று பெரியவர்கள் பேசட்டும். வகுப்பறையில் அந்தக் கணக்கு வேண்டாம். அங்கே இருப்பவை ஒரு வாங்கும், ஒரு புத்தகமும், தன் பெயரைச் சொல்லி அன்போடு அழைக்கும் ஒரு குரலை எதிர்பார்த்திருக்கும் பிள்ளையுமே. அந்தக் குரல் நம்முடையதாக இருக்கட்டும்.