மருந்து ஏன் தோற்கிறது?

(பங்சாரில் ஒளிப்பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"டாக்டர், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தேன், பிறகு ஏன் கிருமி கூடியது?" எச்.ஐ.வி. சிகிச்சை பெறுவோரில் சிலர் கேட்கும் கேள்வி இது. விடை காண, முதலில் அக்கிருமியின் குணத்தை அறிய வேண்டும்.

எச்.ஐ.வி.யின் மரபுச் செய்தி ஏறக்குறைய 9,700 எழுத்துகளால் ஆனது. நம் உடலணுவுக்குள் புகுந்ததும் அதை ஒரு நொதி படியெடுக்கிறது. அந்த நொதிக்கு எழுதத் தெரியும். எழுதிய பிழையைத் திருத்தத் தெரியாது. சிகிச்சை பெறாத ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி கிருமிகள் பிறக்கின்றன. பிழைகளுக்குக் குறைவிருக்குமா? பெரும்பாலான பிழைகள் கிருமிக்கே கேடாக முடியும். ஆனால் சில பிழைகள் அதற்குக் கேடயமாகிவிடும். அந்த நொதியின் 184-ஆவது இடத்தில் ஒரு மாற்றம் நேர்ந்தால் லமிவுடின் மருந்து வலுவிழக்கிறது. 103-ஆவது இடத்தில் நேர்ந்தால் எஃபாவிரென்ஸ், நெவிராபின் இரண்டும் பயனிழக்கின்றன.

1987-இல் முதல் மருந்தாகிய சிடோவுடின் வந்தது. அதைத் தனியாகக் கொடுத்தபோது, 1989-லேயே மருந்தெதிர்ப்புக் கிருமிகள் கண்டறியப்பட்டன. அதனால்தான் 1996 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவியது. எல்லா மருந்துகளையும் ஒரே சமயத்தில் ஏமாற்றும் மாற்றங்கள் ஒரு கிருமிக்கு அமைவது மிக அரிது.

கிருமிக்கு இன்னொரு வழியும் உண்டு. இருவகைக் கிருமிகள் ஒரே உடலில் சேர்ந்தால் கலப்பினம் பிறக்கலாம். கோலாலம்பூரில் கண்டறியப்பட்ட அத்தகைய புதிய கலப்பினம் ஒன்றை 2006-இல் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடன் பணியாற்றியோரும் உலகுக்கு அறிவித்தனர். கலப்பினம் என்பதாலேயே மருந்து பலிக்காது என்று யாரும் அஞ்ச வேண்டாம்.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? கிள்ளானில் லோரி ஓட்டும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். எஃபாவிரென்ஸ் சேர்ந்த கூட்டு மருந்து சாப்பிடுகிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது. மாத்திரை லோரி இருக்கைக்கு அடியில் இருக்கிறது. தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குப் போகிறார். பத்து நாள் மாத்திரை இல்லை. மற்ற மருந்துகள் இரத்தத்தில் முன்னதாகவே குறைந்துவிட, எஃபாவிரென்ஸ் மட்டும் பல நாள் தங்குகிறது. மூவர் காத்த வாசலில் இப்போது ஒரே காவலாளி! 103-ஆவது இடத்தில் மாறிய கிருமி அவனைத் தாண்டி நுழைந்து பெருகுகிறது. அது நெடுநாள் வாழும் அணுக்களில் பதுங்கியும் கொள்ளும். பின்னாளில் அதே மருந்தைத் தொடங்கினாலும் மீண்டும் தலைதூக்கும்.

அவரைக் குறை சொல்லிப் பயனென்ன? அவரை மறைக்க வைத்தது நம் பேச்சல்லவா? தனித் தட்டு, தனித் தம்ளர் என்று ஒதுக்கும் வீட்டில் யார்தான் மாத்திரையை மேசைமேல் வைப்பார்? ஒன்றாக உண்பதால் இக்கிருமி தொற்றாது. சிகிச்சையால் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடிப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகவும் தொற்றாது என்பது உறுதியாகியுள்ளது.

மாத்திரை தவறியிருந்தால் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். தவறாமல் சாப்பிட்டும் கிருமி கூடினால், மரபணுச் சோதனை எந்த மருந்து இனி உதவும் என்று காட்டும். உலக சுகாதார நிறுவனம் 2019 முதல் முதன்மையாகப் பரிந்துரைக்கும் டொலுடெக்ராவிர் மருந்தை எதிர்ப்பது கிருமிக்கு எளிதன்று. ஆனாலும் இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளும் சில வயிற்றெரிச்சல் மருந்துகளும் அது உடலில் சேர்வதைக் குறைக்கலாம். எந்த நேரத்தில் எதைச் சாப்பிடுவது என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.

2003-இல் நம் அரசு காப்புரிமைச் சட்டத்தைத் துணைக்கொண்டு, இந்தியாவிலிருந்து மலிவு விலை எச்.ஐ.வி. மருந்துகளைத் தருவிக்க ஆணையிட்டது. போராடிக் கிடைத்த மருந்துகள் இவை. உங்கள் வீட்டில் ஒருவர் மறைவாக மாத்திரை விழுங்குவது தெரிந்தால், கேள்வி கேட்காமல் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள். மருந்து தோற்காமலிருக்க அதுவும் துணை நிற்கும்.