பாட்டும் மண்டபமும்

பலர் கூடிப் பாடும் பாட்டை ஒலிப்பதிவு செய்வது எளிய காரியம் என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. அந்த எண்ணத்தை மாற்றியவர் ஒரு மூதாட்டி.

உயர்ந்த கற்சுவர்களும் வளைந்த கூரையும் கொண்ட ஒரு தேவாலயம். பாடற்குழுவினர் முப்பது பேர் நான்கு வரிசைகளாக நின்றனர். சொற்கள் தெளிவாக விழவேண்டும் என்னும் ஆவலில், ஒலிவாங்கியை முன்வரிசைக்கு மிக அருகில் வைத்தேன். பாடி முடிந்தபின் பதிவை எல்லோருமாகக் கேட்டோம். முப்பது குரல்களையும் மீறி, முன்வரிசையில் நின்ற அம்மூதாட்டியின் நடுங்கும் குரல் ஒன்றே மேலோங்கி நின்றது. "தம்பி, இனி நான் பாடாமல் இருப்பதே நல்லது" என்றார் அவர். பிழை அவர் குரலில் இல்லை. ஒலிவாங்கியை நான் வைத்த இடத்தில் இருந்தது.

காரணம் எளிய கணக்குத்தான். தொலைவு இரட்டித்தால், நேரே வந்து சேரும் ஒலியின் வலிமை நான்கில் ஒரு பங்காகிவிடும். முன்வரிசை 1 மீட்டரிலும் பின்வரிசை 4 மீட்டரிலும் இருந்தால், முன்னவர் குரல் 16 மடங்கு வலிமையுடன் பதியும். ஒலிவாங்கியை 3 மீட்டர் பின்னுக்கு நகர்த்தினால் தொலைவுகள் 4, 7 என்று ஆகின்றன. வேற்றுமையோ ஏறத்தாழ 3 மடங்காகச் சுருங்குகிறது. அதையே தலைகளுக்கு மேலாக உயர்த்திக் கீழ்நோக்கிச் சாய்த்தால் இன்னும் குறையும்.

அப்படியாயின், எவ்வளவு தொலைவும் விலகலாமா? கூடாது. சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பும் எதிர்முழக்கம் மண்டபமெங்கும் ஏறக்குறைய ஒரே அளவில் நிறைந்திருக்கிறது. நாம் விலக விலகக் குரல் தேயும், முழக்கம் ஓங்கும். ஒரு சொல்லின் மேல் மறுசொல் ஏறிப் பொருள் கலங்கும்.

1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், பேச்சே விளங்காத ஒரு விரிவுரை மண்டபத்தை ஆராயத் தொடங்கினார் வாலஸ் சபைன் என்னும் அறிஞர். அங்கே ஒரு சொல் ஐந்தரை வினாடி வரை ஒலித்துக்கொண்டிருந்தது. இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பப் பரப்ப முழக்கம் குறைந்தது. மெத்தை செய்த வேலையை மக்களின் உடலும் உடையும் செய்யும். ஆகவே, வெறும் மண்டபத்தில் தேர்ந்த இடம், சபை நிறைந்தபின் பொருந்தாமற் போகலாம்.

தக்க இடத்தைக் காண்பது எப்படி? குழு பாடும்போது ஒரு காதைப் பொத்திக்கொண்டு மெல்லப் பின்னோக்கி நடந்து பாருங்கள். இரு காதும் திறந்திருந்தால் நம் மனம் முழக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பாடுபவரையே பற்றிக்கொள்ளும். ஒலிவாங்கிக்கு அந்த மனம் இல்லை. தனிக்குரல்கள் ஒன்றாய்க் கலந்தும், சொல் கலங்காமலும் கேட்கும் இடத்தில் நில்லுங்கள். அங்கே தொடங்கி, பதிவைக் கேட்டுக் கேட்டுத் திருத்துங்கள். முழக்கம் போதாதெனில் பின்னர்ச் சேர்க்கலாம். பதிந்துவிட்ட முழக்கத்தை முற்றாக நீக்குதல் அரிது.

அன்றும் அவ்வாறே நடந்து பார்த்து, இடம் மாற்றி, மீண்டும் பாடச் செய்தேன். மூதாட்டி முன்வரிசையிலேயே நின்றார். பதிவைக் கேட்டதும், "என் குரலைக் காணோமே, தம்பி!" என்றார், முகத்தில் வருத்தமில்லை. அடுத்த ஞாயிறும் அவர் பாட வந்தார்.