பச்சை விளக்கும் பரிசோதகர் பொறுப்பும்



சந்தையில் மண்பானை வாங்கும் மூதாட்டி, பானையை விரலால் தட்டி, அதன் ஒலியைக் கேட்ட பின்னரே விலை பேசுவாள். கண்ணுக்குப் புலப்படாத விரிசலை அவ்வொலி காட்டிக் கொடுத்துவிடும். விஞ்ஞானக் கூடங்களில் இதே காரியத்தை மிக நுண்ணிய அளவில் செய்யும் ஒரு முறையைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில், நிலத்துக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில், புரோட்டான்களை எதிரெதிராக ஓடவிட்டு மோதச் செய்கிறார்கள். 2012ஆம் ஆண்டில் ஹிக்ஸ் துகளைக் கண்டறிந்தவை அங்குள்ள அட்லஸ், சி.எம்.எஸ். என்னும் இரு பெருங்கருவிகள். 2017 முதல் இந்தியா அந்நிலையத்தின் இணை உறுப்பு நாடாக உள்ளது. சி.எம்.எஸ். கூட்டு முயற்சியில் நம் நாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் பல பங்கு கொள்கின்றன, சென்னை ஐ.ஐ.டி.யும் அவற்றுள் ஒன்று.

மோதல்களின் எண்ணிக்கையைப் பெருக்கும் திட்டம் ஒன்று அங்கே நடந்து வருகிறது. அதன்பொருட்டு, துகள்கள் சென்ற தடத்தைக் காட்டும் சி.எம்.எஸ். உட்பகுதி முழுவதையும் புதிதாக அமைக்கிறார்கள். அதன் வெளிப்பகுதிக்கு மட்டும் 13,000க்கும் மேற்பட்ட மாட்யூல்கள் வேண்டும். இவற்றில் '2 எஸ்' என்னும் வகையை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கை அளவினும் சற்றுப் பெரிய இரண்டு சிலிக்கன் தகடுகள், சில மில்லிமீட்டர் இடைவெளியில், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கும். இரண்டிலுமாக 4,064 மெல்லிய பட்டைகள். அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையே உள்ள தூரம் 90 மைக்ரான், அதாவது ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமன். ஒவ்வொரு பட்டையும் மயிரினும் மெல்லிய உலோக இழையால் மின் சில்லுடன் இணைக்கப்படுகிறது. சில்லுகள் 16, ஒவ்வொன்றும் 254 பட்டைகளைக் கவனித்துக்கொள்ளும்.

இம்மாட்யூல்கள் கருவியினுள் வைத்து மூடப்பட்ட பின்னர் மனிதக் கை அவற்றை எளிதில் எட்டாது. பழுதுள்ளது ஒன்று உள்ளே போய்விட்டால், பல ஆண்டுகள் அவ்விடம் குருடாகவே இருக்கும். எனவே பரிசோதனை வெளியிலேயே முடிந்தாக வேண்டும்.

முன்பெல்லாம் இச்சோதனைக்கு நீண்ட கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கணினியில் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. இப்போது வரைகலை மென்பொருள்கள் வந்துள்ளன. திரையில் பொத்தான்களும் வரைபடங்களும் தோன்றும்; பொத்தானை அழுத்தினால் சோதனை நடக்கும்; தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு.

ஆயினும் இதை நிறுவுவதிலேயே கவனம் தொடங்குகிறது. மென்பொருள் எந்த இயக்க அமைப்புக்கு எழுதப்பட்டதோ அதுவே கணினியில் இருத்தல் வேண்டும். ஏழாம் சென்டோஸ் பதிப்பின் பராமரிப்பு 2024 ஜூன் மாதத்தோடு முடிந்தது. அதை நம்பியிருந்த கூடங்கள் புதிய அமைப்புக்கு மாற வேண்டியதாயிற்று. அடுத்து, மாட்யூலின் செய்தியைப் பெறும் மின்பலகையில் உள்ள ஃபர்ம்வேரும் கணினியில் உள்ள மென்பொருளும் ஒன்றுக்கொன்று பொருந்திய பதிப்புகளாக இருக்க வேண்டும். அப்பலகையின் வலையமைப்பு முகவரி அமைப்புக் கோப்பில் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். நிறுவிய நாளும் பதிப்பு எண்ணும் குறித்து வைப்பவர் பிற்காலத்தில் தாமே தமக்கு நன்றி சொல்வார்.

இனிச் சோதனை. மாட்யூலை ஒளி புகாத பெட்டியில், ஈரமற்ற காற்றில் வைக்கிறார்கள். சிலிக்கனின்மேல் வெளிச்சம் பட்டால் கசிவு மின்னோட்டம் பெருகி அளவு பொய்யாகிவிடும். பின்னர் மின்னழுத்தத்தைப் படிப்படியாகப் பல நூறு வோல்ட்டுக்கு உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் கசிவைக் குறிக்கிறார்கள். கசிவு திடீரெனத் தாவினால் தகட்டில் குறை இருப்பதாக ஐயுறலாம். மின்னழுத்தத்தை இறக்கிய பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும்.

அடுத்தது இரைச்சல் சோதனை. துகள் எதுவும் வராதபோதும் பட்டைகளில் சிறு மின்னசைவு இருந்துகொண்டே இருக்கும். எவ்வளவு பெரிய அசைவைச் செய்தியாக ஏற்பது என்னும் வரம்பைச் சில்லில் நாம் அமைக்கலாம். வரம்பு மிகத் தளர்வாயின் பட்டை எப்போதும் 'உண்டு' என்னும். மிகக் கடுமையாயின் எப்போதும் 'இல்லை' என்னும். வரம்பைச் சிறிது சிறிதாக மாற்றி விடைகளை வரைந்தால், ஆங்கில எஸ் எழுத்தை இழுத்துவிட்டாற்போன்ற வளைகோடு கிடைக்கும். அது செங்குத்தாக இருந்தால் இரைச்சல் குறைவு. சாய்ந்து கிடந்தால் மிகுதி.

இங்கேதான் பொத்தானை மட்டும் நம்புவோர் ஏமாறுவர். இரைச்சல் குறைவது நன்மை என்றே எவரும் எண்ணுவர். ஆனால் ஒரு பட்டையின் இழை அறுந்திருந்தால், தகட்டின் மின்தேக்கச் சுமை சில்லின்மேல் ஏறாது. அப்போதும் இரைச்சல் குறையும். அண்டையிலுள்ள பட்டைகளைக் காட்டிலும் அது அமைதியாகத் தோன்றும். அந்த அமைதி உயிரற்றதன் அமைதி. மேல் எல்லையை மட்டும் பார்க்குமாறு மென்பொருளில் விதி எழுதியிருந்தால், அப்பட்டைக்கும் பச்சை விளக்கே எரியும்.

ஆகவே வரைபடத்தை வாசிக்கக் கற்றல் வேண்டும். ஒரு பட்டை மட்டும் வேறுபட்டால் இழையையோ அப்பட்டையையோ பார்க்கலாம். 254 பட்டைகள் கூட்டமாக வேறுபட்டால் அவற்றுக்குரிய சில்லைப் பார்க்கலாம். மாட்யூல் முழுதும் இரைந்தால், மாட்யூலைப் பழிக்குமுன் மின்வழங்கியையும் நில இணைப்பையும் பெட்டியின் மூடியையும் பார்ப்பது முறை. காரணம் தேடாமல், பச்சை வரும்வரை பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துவது பரிசோதனை ஆகாது. சிவப்பு வந்த பதிவையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். குளிரூட்டிச் சோதிக்கும்போது அதே குறை மீண்டும் தலைகாட்டினால் அப்பதிவே சான்றாகும்.

நீங்கள் வாழும் ஊர்களிலும் இத்தகைய கூடங்கள் இருக்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவர் அங்கே பணியில் சேரவும் கூடும். தாம் நாள்முழுதும் திரையில் பொத்தான் அழுத்துவதாக அவர் சலித்துக்கொண்டால், அது சிறு வேலையன்று என்று சொல்லுங்கள். பானையைத் தட்டுவதற்கு யந்திரம் வந்துவிட்டது. அந்த ஒலியைக் கேட்டு உண்மையை அறியும் செவி இன்னும் மனிதருடையதே.