பொபொனாசாக் கரையில் ஒரு மட்கிண்ணம்



எக்குவடோர் நாட்டின் கிழக்கே அமேசன் மழைக்காடு. அங்கே பொபொனாசா நதிக்கரையிலுள்ள சரயாக்குக் கிராமத்துக்கு, மாணவர் சிலருடன் நாம் ஓடத்திற் சென்றோம். அங்கு வாழ்வோர் கிச்சுவா மக்கள்.

கலம் வனைவோர் பெண்கள், சக்கரம் கிடையாது. களிமண்ணைக் கயிறுபோல் திரித்து, வளையத்தின்மேல் வளையமாக அடுக்கி, முட்டையோடுபோல் மெலியும்வரை வழிக்கிறார்கள். கோலமிடும் தூரிகையோ தலைமயிரினாலானது! சுட்ட சூடு ஆறுமுன் மரப்பிசின் பூசுகிறார்கள்.

அக்கிண்ணத்தில் மரவள்ளிப் பானம் தந்தார்கள். அவித்த கிழங்கைப் பெண்கள் வாயில் மென்று புளிக்கவைப்பது. எச்சிலாயிற்றே என்று தயங்கினோம். முன்னாளில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளிற் சிலருக்கு வேறு பாத்திரம் வைத்தோமே, அந்நினைவு வந்தது. வெட்கத்தோடு குடித்தோம். இலேசான புளிப்பு, கெடுதியில்லை.

மண் எங்கே எடுப்பீர்கள் என்று வினவினோம். 2002, 2003ஆம் ஆண்டுகளில், எண்ணெய் தேடிய கம்பனியொன்று அம்மக்களின் சம்மதமின்றி அக்காட்டில் ஏறத்தாழ 1,400 கிலோ வெடிமருந்தைப் புதைத்தது. அவர்கள் வழக்காடினார்கள், 2012இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்த்து, அதனை அகற்றவும் அரசுக்குக் கட்டளையிட்டது.

வயதான அம்மையார் ஆற்றோரத்தைக் காட்டினார். பின்னர் காட்டுப்பக்கம் திரும்பி, "அங்கே தோண்டமாட்டோம்" என்றார்.