கம்பெனி ரகசியமும் ஓர் அமானிதமே

(நம் டிரஸ்ட் நடத்திய வேலைவாய்ப்பு வழிகாட்டுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





நம் டிரஸ்டின் கல்வி உதவி பெற்றுப் படித்த பிள்ளைகள் பலர் இன்று பெரிய கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். சிலருக்குச் சம்பளத்தோடு கம்பெனிப் பங்குகளும் கிடைக்கின்றன. சிலர் டீமேட் கணக்குத் தொடங்கித் தங்கள் கம்பெனிப் பங்கையே வாங்குகிறார்கள். வேலை பார்க்கும் கம்பெனியின் பங்கை வாங்குவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஊருக்குத் தெரியாத செய்தியை உள்ளே இருந்து தெரிந்துகொண்டு வாங்குவதையும் விற்பதையும்தான் தடுக்கிறது. அதற்குப் பெயர்தான் இன்சைடர் டிரேடிங்.

இதற்கான விதிமுறைகளைப் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2015-ல் வெளியிட்டது. காலாண்டு லாப நஷ்டக் கணக்கு, டிவிடெண்ட், வேறு கம்பெனியை வாங்குவது, இரண்டு கம்பெனிகள் இணைவது போன்ற, விலையை ஏற்றவோ இறக்கவோ கூடிய செய்திகள் எல்லோருக்கும் வெளியாகும் வரை உள் தகவல்தான்.

“நான் சாதாரண வேலையில்தானே இருக்கிறேன், இது முதலாளிமார்களுக்கு உள்ள சட்டம்” என்று நினைக்க வேண்டாம். சட்டம் பதவியைப் பார்ப்பதில்லை. கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுபவர், ஆடிட்டரின் உதவியாளர், மீட்டிங்குக்கு நகல் எடுத்துக் கொடுப்பவர் என யாரிடம் அந்தச் செய்தி இருக்கிறதோ, அவர் இன்சைடர்தான்.

நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். விருந்தில் உட்கார்ந்திருக்கும்போது மச்சான் கேட்பார்: “உங்க கம்பெனி ரிசல்ட் எப்படி வரும் மாப்பிள்ளை? வாங்கிப் போடலாமா?” அன்பாகத்தான் கேட்கிறார். ஆனால் உள் தகவலைச் சொல்வது குற்றம். அதைக் கேட்டு வாங்குவதும் குற்றம். செய்தியைத் தெரிந்துகொண்ட மச்சானும் அந்த நிமிடமே இன்சைடர் ஆகிவிடுகிறார். மனைவி பெயரிலோ உம்மா பெயரிலோ உள்ள கணக்கில் வாங்கினால் தப்பித்துவிடலாம் என்பதும் நடக்காது. பான் எண், வங்கிக் கணக்கு, போன் தொடர்பு எல்லாவற்றையும் செபி ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

இனி நடைமுறைக்கு வருவோம்.

முதலாவது, கம்பெனியில் உள் தகவல் கிடைக்கக்கூடியவர்களின் பட்டியல் இருக்கும். நம் பெயர் அதில் இருக்கிறதா என்று கம்ப்ளையன்ஸ் ஆபீசரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, பட்டியலில் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு காலாண்டு முடிந்ததும் டிரேடிங் விண்டோ மூடப்படும். ரிசல்ட் வெளியாகி 48 மணி நேரம் கழித்துத்தான் திறக்கும். ஜூன் 30-ல் காலாண்டு முடிந்து, ஜூலை 20 மாலை 5 மணிக்கு ரிசல்ட் வந்தால், 22 மாலை 5 மணி வரை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. அவர்களுடைய மனைவி அல்லது கணவருக்கும், அவர்களை அண்டியோ பங்கு விஷயத்தில் அவர்களிடம் யோசனை கேட்டோ நடக்கும் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோருக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, விண்டோ திறந்திருந்தாலும் கம்பெனி வைத்துள்ள வரம்புக்கு மேல் வாங்க, விற்க முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதி அதிகபட்சம் 7 வர்த்தக நாட்களுக்குத்தான் செல்லும். வாங்கினால் 6 மாதத்துக்குள் விற்கவும், விற்றால் 6 மாதத்துக்குள் வாங்கவும் கூடாது.

நான்காவது, பட்டியலில் பெயர் இல்லாதவரும் உள் தகவல் கையில் இருக்கும்போது வாங்கவோ விற்கவோ கூடாது. தற்செயலாகக் காதில் விழுந்தது குற்றமல்ல. அதை வைத்துப் பங்கை வாங்காமல், விற்காமல், பிறரிடம் சொல்லாமல், வாட்ஸ்அப் குழுவில் போடாமல் இருந்தால் போதும்.

நிக்காஹ், வீடு கட்டுதல், காலேஜ் பீஸ் என்று செலவு வரப்போவது தெரிந்தால், விண்டோ திறந்திருக்கும் நாட்களிலேயே முறைப்படி விற்றுப் பணத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரத் தேவை என்பதைச் சட்டம் ஒரு காரணமாக ஏற்காது.

தண்டனை சிறியதல்ல. செபி சட்டத்தின் 15ஜி பிரிவின்படி அபராதம் 10 லட்சம் ரூபாயில் தொடங்குகிறது. 25 கோடி ரூபாய் அல்லது கிடைத்த லாபத்தைப் போல் மூன்று மடங்கு, இவற்றில் எது அதிகமோ அதுவரை விதிக்கலாம். குற்ற வழக்காகப் போனால் 10 ஆண்டு வரை சிறையும் உண்டு. லாபம் வரவில்லை என்றாலும் குற்றம் குற்றம்தான். சில ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டு, பாடுபட்டுக் கிடைத்த வேலையை இழப்பது அறிவுடைமையா?

சட்டத்தை விடுங்கள். நமக்கு நல்ல செய்தி தெரிந்து பங்கை வாங்கும்போது, அது தெரியாமல் குறைந்த விலைக்கு விற்பவர் ஒருவர் எதிர்ப்பக்கம் இருக்கிறார். அவரும் யாரோ ஒரு குடும்பத்தின் வாப்பாதான். சரக்கின் குறையை மறைத்து விற்பதைத் தவறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். இதுவும் அந்த வகைதான். கம்பெனி நம்பி நம் கையில் கொடுத்த செய்தி ஓர் அமானிதம்.

ஆகவே இளைஞர்களே, யாராவது கேட்டால், “அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை” என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். பெரியோர்களே, பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்து அவர்களுக்கு உதவுங்கள். சந்தேகம் வந்தால், கம்ப்ளையன்ஸ் ஆபீசரிடம் கேட்கும் வரை பொறுத்திருங்கள்.

நம் தேட்டங்களை ஹலாலானதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.