துளை போடுவதற்கு முன்



கயாக்கில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர் நினைத்த நேரத்தில் எழுந்து போய் ஒரு பொருளை எடுத்துவர முடியாது. படகின் நீளம் பத்து முதல் பதினான்கு அடி, அகலம் மூன்றடிக்குள். நடுவில் ஓர் இருக்கை. உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். இரண்டு கையிலும் துடுப்பு இருக்கிறது. மீன் கடித்துவிட்டால் அதே இரண்டு கையிலும் தூண்டில் கோல் இருக்க வேண்டும். துடுப்பை எங்கே வைப்பது? முள்ளைக் கழற்றும் குறடு எங்கே? பிடித்த மீனை எங்கே போடுவது? படகு இதற்குள் எங்கே இழுபட்டுப் போயிருக்கிறது? கயாக்கில் மீன் பிடிப்பவர்கள் வீட்டுக் கொல்லையில், கையில் கிடைத்த சாமானை வைத்து இந்தக் கேள்விகளுக்குக் கண்டுபிடித்த விடைகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நம்மில் பலர் கயாக்கைக் கடற்கரை விளையாட்டுச் சாமானாகத்தான் பார்த்திருப்போம். அது பிறந்தது வேட்டைக்கு. கிரீன்லாந்திலும் வட கனடாவிலும் அலாஸ்காவிலும் வாழ்ந்த இனுயிட் மக்களும் அவர்களுடைய உறவுக் குடிகளும் மரச்சட்டத்தின் மேல் சீல் தோலைப் போர்த்தி அதைக் கட்டினார்கள். யார் ஓட்டப்போகிறாரோ அவருடைய கையும் இடுப்பும்தான் அளவுகோல். படகின் மேல்தளத்தில் குறுக்காகத் தோல் வார்கள் ஓடும். அவற்றை இறுக்கவும் தளர்த்தவும் எலும்பிலும் தந்தத்திலும் செய்த சிறு துண்டுகள் கோத்திருக்கும். எறியீட்டி அந்த வாரில் செருகியிருக்கும். கிரீன்லாந்துப் படகுகளில் ஈட்டிக் கயிற்றைச் சுருட்டி வைக்கத் தனியாக ஒரு சின்ன மேடை முன்னால் நிற்கும். கயிற்றின் மறுமுனையில், முதுகுக்குப் பின்னால், காற்று நிரப்பிய சீல் தோல் மிதவை. அடிபட்ட சீல் மூழ்கினாலும் மிதவை அதைக் காட்டிக்கொடுக்கும். வேண்டியது கைக்கு எட்ட வேண்டும். கைவிட்டால் மிதக்க வேண்டும், அல்லது கட்டியிருக்க வேண்டும். இன்று கடையில் விற்கும் எந்த கயாக் உபகரணத்தையும் இந்த இரண்டை வைத்தே எடை போட்டுவிடலாம். பாதிக்கு மேல் தேறாது.

இப்போது மீன்பிடிக்கப் பெரும்பாலோர் வாங்குவது மேலே உட்காரும் வகைக் கயாக். 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் மாலிபுவில் டிம் நீமியர் என்பவர் அலைச்சறுக்குப் பலகையைக் குடைந்து, முக்குளிக்கும் சாமான்களை வைத்துக்கொள்ளப் பார்த்தார். அதிலிருந்து வளர்ந்த வடிவம் இது. உட்காரும் தளத்திலிருந்து அடிப்பகுதி வரை நேராகச் சில குழாய்த் துளைகள் இருக்கும். அலை மேலே ஏறினால் அந்த வழியாகத் தண்ணீர் தானே இறங்கிவிடும். நம் கட்டுமரத்தில் மரங்களின் இடைவெளி செய்யும் வேலையும் இதுதான்.

மாற்றம் செய்ய இறங்குவதற்கு முன் படகு எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலானவை பாலிஎத்திலீன். பிளாஸ்டிக் தூளை அச்சுக்குள் போட்டு, உலையில் சுழற்றிச் சுழற்றி உருக்கி எடுப்பார்கள். பாறையில் இடித்தாலும் எளிதில் உடையாது. ஆனால் அதில் பசை ஒட்டாது. எபாக்சி, சிலிக்கான், எம்-சீல் எதைத் தடவினாலும் சில நாளில் தோலாக உரிந்து வந்துவிடும். அதனால்தான் ஆர்வக்கோளாறில் எல்லாரும் முதல் நாளே ட்ரில்லைக் கையில் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், புதுப் படகை முதலில் சில காலம் அப்படியே ஓட்டுங்கள். கை எங்கே தேடிப் போகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

துளையே வேண்டாத வேலைகளில் முதன்மையானது பால் பாக்கெட் வரும் கிரேட். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கயாக்கில் மீன் பிடிப்பவர் பலரின் இருக்கைக்குப் பின்னால் இதைக் காணலாம். பைக் பின்சீட்டில் மூட்டை கட்டுவோமே, அந்தக் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு இரண்டு போதும், அதை இறுக்கிக் கட்ட. கிரேட்டின் பின்பக்கச் சுவரில் ஒன்றரை அங்குல பிவிசி குழாயை ஒரு அடி நீளத்துக்கு வெட்டி, இரண்டோ மூன்றோ நிற்க வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கேபிள் டை, கீழே ஒன்று. கறுப்பு டையாக வாங்குங்கள். வெள்ளை வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். அடிவாயை மூடாதீர்கள், தண்ணீர் வடிய வேண்டும். கோல் கீழே நழுவாமல் இருக்கக் குழாயின் அடியில் குறுக்காக ஒரு போல்ட் போட்டால் சரி. மேல்வாயில் ஆக்சா பிளேடால் ஒரு பிளவு வெட்டிவிட்டால் ரீலின் கால் அதில் உட்கார்ந்துகொள்ளும், கோல் சுழலாது. வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்க்க மறக்க வேண்டாம்.

குழாயின் வாயை விரிக்க வேண்டுமா? கொதிக்கும் தண்ணீரில் முக்கினால் பிவிசி இளகிவிடும். கையுறை போட்டுக்கொண்டு கண்ணாடிப் பாட்டிலின் கழுத்தை உள்ளே அழுத்திப் பிடித்து ஆறவிடுங்கள். அடுப்புத் தீயில் காட்டாதீர்கள். பிவிசி கருகினால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கிறது. அது மூச்சுக்குழலைப் புண்ணாக்கும்.

கிரேட்டுக்குள் ஓரமாக, பெட்டிகளைப் பேக் செய்ய வரும் நுரைத்தண்டுகளைச் செருகிவிடுங்கள். கட்டு அவிழ்ந்து தண்ணீரில் விழுந்தாலும் கிரேட் மிதக்கும். தெர்மாகோல் வேண்டாம், உதிர்ந்து கடலெல்லாம் வெள்ளை மணியாகும். குறடு, கத்தி, துடுப்பு ஆகியவற்றுக்குப் பழைய தொலைபேசியில் இருந்ததுபோல் சுருள் கயிறு நல்லது. நீளம் ஒரு கை அளவுக்கு மேல் போகக் கூடாது. நீண்டு தொங்கும் கயிறு, கவிழும்போது காலில் சுற்றும். அலை உடையும் இடத்தைத் தாண்டும்போது கோல்களைப் படகின் உள்ளறையில் வைத்துவிடுவதே உத்தமம்.

இனி நங்கூரம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தவறு செய்தால் மீன் மட்டும் போகாது. புதிதாக வருபவர் நங்கூரக் கயிற்றை இருக்கைக்குப் பக்கத்திலேயே, கைக்கு எட்டும் இடத்தில் கட்டிவிடுவார். நியாயம்தானே என்று தோன்றும். நீரோட்டத்தில் அப்படிக் கட்டினால் படகு குறுக்காகத் திரும்பும். கயிறு அந்தப் பக்க விளிம்பைக் கீழே இழுக்கும், ஓடிவரும் நீர் அதன் மேல் ஏறும், படகு கவிழும். நங்கூரம் படகின் அணியத்திலோ, பின்முனையிலோ இழுக்க வேண்டும். அங்கே உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டாதே?

அதற்குத்தான் ஓடும் கயிறு. படகின் ஒரு பக்கத்தில் முன்முனையில் ஒரு சின்னக் கப்பி, பின்முனையில் ஒரு கப்பி. இரண்டையும் சுற்றி நைலான் கயிறு ஒரு வளையமாக ஓடுகிறது, நடுவில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையம். நங்கூரக் கயிற்றை அந்த வளையத்துக்குள் விட்டு நங்கூரத்தை இறக்கிவிட்டு, ஓடும் கயிற்றை இழுத்தால் வளையம் அணியத்துக்குப் போகும். அல்லது பின்னுக்கு. உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய வேண்டாம். கிணற்றுக் கப்பி தெரிந்த எவருக்கும் இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கயாக்குக்குச் செய்யும் எல்லா மாற்றத்திலும் என் கணக்கில் முதலிடம் இதற்குத்தான்.

ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம் அமைதியான நீருக்குப் போதும். கயிறு ஆழத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். காற்று அடித்தால் இன்னும் கூடுதலாக விட வேண்டும். படகுப் பக்க முனையை முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். இழுத்தால் விடும் பல் கவ்வியில் அழுத்திவையுங்கள், கடைசி முனையில் ஒரு மிதவையைக் கட்டுங்கள். பெரிய படகு எதிரே வந்தாலோ, நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டாலோ கயிறு முழுவதையும் விட்டுவிட்டுப் போகலாம். திரும்பி வந்து மிதவையைப் பிடித்து எடுத்துக்கொள்ளலாம். ஆற்று வெள்ளத்தில், வேகமான முகத்துவாரத்தில் கயாக்கிலிருந்து நங்கூரமே போடக் கூடாது. காற்று தள்ளும் வேகத்தைக் குறைத்தால் போதும் என்றால் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கயிற்றில் கட்டிப் பின்னால் விடுங்கள். வாய் நிறையத் தண்ணீரோடு அது இழுபடும், படகு மெதுவாக நகரும்.

கப்பி மாட்டத் துளை தேவைதானே என்று கேட்பீர்கள். தேவைதான், படகின் கைப்பிடி போல்ட்டிலேயே மாட்ட முடியாவிட்டால். அப்போது சில விஷயங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு துளையும் வேண்டாம். ட்ரில் முனையில் டேப் சுற்றி எவ்வளவு ஆழம் போகலாம் என்று அடையாளம் வையுங்கள். உள்ளே கை போகிற இடமென்றால் பெரிய வாஷரும் பூட்டு நட்டும் போடலாம், அதற்கு ஈடு கிடையாது. கை போகாத இடத்துக்கு, உள்ளே போனதும் மூன்று இதழாக விரியும் ரிவெட் இருக்கிறது. ரப்பர் உறைக்குள் பித்தளை நட்டு வைத்த வகையும் இருக்கிறது. திருகை முடுக்கினால் ரப்பர் உள்ளே புடைத்துத் துளையை அடைக்கும். சாதாரண ரிவெட் இந்த பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். உப்புத் தண்ணீருக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள், 304 நாளடைவில் துருப்புள்ளி காட்டும். திருகின் அடியில் பியூட்டைல் டேப் ஒரு வளையம் வைத்து இறுக்குங்கள். பசைபோல் அது ஒட்டிப் பிடிக்கத் தேவையில்லை, நசுங்கி அடைத்தால் போதும். வேலை முடிந்ததும் படகின் வயிற்றுக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சாய்த்துப் பாருங்கள். எங்கே கசிகிறதோ அங்கே உங்கள் வேலை சரியில்லை.

வடிகால் துளைகளை அடைக்கும் மூடிகள் கடையில் கிடைக்கும். ரப்பர் பந்தைச் செருகுகிறவர்களும் உண்டு. பின்பக்கம் நனையாது என்பது உண்மைதான். ஆனால் அலைக்குள் போகும்போது அவற்றைக் கழற்றாவிட்டால் தளத்தில் ஏறிய தண்ணீர் இறங்க வழியில்லாமல் அங்கேயே தளும்பும். படகு தள்ளாடும். நனைவதற்குத் தயாரில்லாதவர் கயாக் வாங்கியிருக்கவே கூடாது.

மீன் காட்டும் கருவி வாங்குகிறவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி. அதன் ஒலி உணரியை வெளியே தொங்கவிட வேண்டியதில்லை. ஒலி பாலிஎத்திலீனைத் தாண்டிப் போகும், தாண்டாதது காற்றை. உணரியைப் படகின் உட்புற அடித்தளத்தில், நடுவே காற்றுக்குமிழி இல்லாமல் மின்குழாய் அடைக்கும் களிம்பில் அழுத்தி வைத்தால் ஆழத்தைச் சரியாகவே காட்டும். படம் கொஞ்சம் மங்கும். வெப்பநிலை மட்டும் படகின் வயிற்றுச் சூட்டைக் காட்டுமே தவிர, கடலுடையதை அல்ல. 12 வோல்ட் பேட்டரியைத் தண்ணீர் புகாத டிபன் டப்பாவில் வைத்து நடுப்பகுதியில், தாழ்வாகக் கட்டுங்கள். கனமான எதற்கும் இந்த இடம்தான். இருக்கையை உயர்த்தி வசதியாக உட்கார ஆசைப்படுகிறவர்களும் இதை நினைக்க வேண்டும்: உடம்பு சில அங்குலம் ஏறினாலே படகின் ஆட்டம் கூடிவிடும்.

விடியலுக்கு முன் போகிறவர்களுக்கு விளக்கு அவசியம். 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 25-ஆவது விதி, துடுப்பால் செல்லும் படகில் வேறு விளக்கு இல்லாவிட்டால், எரியும் வெள்ளை விளக்கோ டார்ச்சோ தயாராக இருக்க வேண்டும், மோதலைத் தவிர்க்கும் அளவுக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும் என்கிறது. விசைப்படகின் மேலிருந்து பார்ப்பவருக்கு கயாக் கண்ணில் படுவதே இல்லை. மிஞ்சிய பிவிசி குழாயில் நான்கடிக் கம்பம் நட்டு, பகலுக்கு ஆரஞ்சுக் கொடியும் இருட்டுக்கு உச்சியில் வெள்ளை விளக்கும் கட்டுங்கள். செலவு சொற்பம்.

எல்லாம் கட்டி முடித்தாயிற்றா? உடனே மீனுக்குப் போகாதீர்கள். அலை இல்லாத கரையோரம், துணைக்கு ஒருவரை நிறுத்திக்கொண்டு, உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, தலை அடியில் இடிக்காத ஆழத்தில் படகை நீங்களே கவிழ்த்துப் பாருங்கள். பிறகு நிமிர்த்தி, பக்கவாட்டிலிருந்து ஏறிப் பாருங்கள். ஏறும்போது நெஞ்சில் குத்துகிற கோல் தாங்கி, அங்கியில் மாட்டுகிற கொக்கி, காலைச் சுற்றுகிற கயிறு எதுவாக இருந்தாலும், எவ்வளவு ஆசையாகச் செய்திருந்தாலும், அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.